தவறவிட்ட படத்திலிருந்து தொடங்குங்கள்: கேமரா, லென்ஸ், துணைக்கருவிகள் வாங்க ஒரு முழு வழிகாட்டி

"கேமரா வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?" என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. "கடைசியா எந்தப் படம் கை நழுவிப் போச்சு?" என்று திருப்பிக் கேட்பேன். பலருக்கு எரிச்சல் வரும். மாடல் பெயர் கேட்டால் இவன் கதை கேட்கிறானே என்று பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பதில் இல்லாமல் வாங்கிய கேமராக்கள் எங்கே போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும். என் அலமாரியிலேயே ஒன்று தூங்குகிறது.

நான் முதலில் வாங்கியது 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் (லென்ஸைக் கழற்றி மாட்டும், உள்ளே கண்ணாடி உள்ள கேமரா), கூடவே இரண்டு ஜூம் லென்ஸ் சேர்ந்த செட். வாங்கிய மூன்றாம் வாரம் உறவுக்காரப் பெண்ணின் நடன நிகழ்ச்சி. அரங்கின் நடு வரிசையில் உட்கார்ந்து இருநூறு படத்துக்கு மேல் எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் திரைச்சீலை, விளக்கு, மேடைப் பலகை எல்லாம் தெளிவு. ஆடுகிறவளின் கைகள் மட்டும் புகை மாதிரி. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 6400, எஃப் 5.6 (லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் குறைந்தால் துவாரம் பெரிது), ஷட்டர் 1/60 வினாடி. கேமரா சரியில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரிடம் இருந்ததோ 12 மெகாபிக்சல் பழைய கேமரா. அதில் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மாட்டியிருந்தார். அதே ஐஎஸ்ஓவில் அவருக்கு 1/500 கிடைத்திருந்தது. மருதாணி வைத்த விரல் நுனி வரை தெரிந்தது.

குறை என் லென்ஸில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. அதற்குப் பிறகு எதை வாங்குவதானாலும் கீழே உள்ள வரிசையில்தான் போகிறேன்.

1. பழைய படங்களைத் திறந்து வையுங்கள்

ஃபோனில் எடுத்ததோ, இரவல் கேமராவில் எடுத்ததோ, உங்களுக்குப் பிடித்த நூறு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்தவை மட்டும். அவற்றில் ஆள் அதிகமா, இடம் அதிகமா, பூச்சி, பறவை அதிகமா என்று எண்ணுங்கள். நான் என்னை இயற்கைக் காட்சி எடுப்பவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணிப் பார்த்தபோது நூற்றில் எழுபதுக்கு மேல் மனித முகங்கள்.

ஒவ்வொரு டிஜிட்டல் படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற குறிப்பு இருக்கும். படத்தின் விவரம் காட்டும் எந்தச் செயலியிலும் அதைப் பார்க்கலாம்: எந்தக் குவியத் தூரம் (லென்ஸ் எவ்வளவு இழுத்துக் காட்டும் என்று சொல்லும் மி.மீ. எண்), என்ன ஷட்டர் வேகம், என்ன ஐஎஸ்ஓ. ஏற்கெனவே ஜூம் லென்ஸ் வைத்திருப்பவர் இதைப் பார்த்தால் தன்னைப் பற்றி ஒரு உண்மை தெரியும். சிலர் எப்போதும் வளையத்தை ஒரு கோடிக்கு, 18-இல், தள்ளி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு இன்னும் அகலமான லென்ஸ் வேண்டும். சிலர் மறுகோடியில் 55-இல் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அப்புறம் கெட்டுப்போன படங்கள். இவற்றை அழித்துவிடாதீர்கள், கடைக்குப் போகும்முன் இவைதான் நல்ல ஆலோசகர்கள். திரையில் பெரிதாக்கி, நோய் பார்ப்பதுபோல் பாருங்கள்.

சுவர், மரம், ஆள் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. குவியத் தூரம் எவ்வளவோ அதன் தலைகீழ் வேகமாவது வேண்டும் என்பது பழைய கணக்கு: 50 மி.மீ. என்றால் 1/50, 200 மி.மீ. என்றால் 1/200. இதற்குக் குலுக்கல் தடுப்பு உள்ள பாடியோ (லென்ஸ் இல்லாத கேமரா) லென்ஸோ உதவும்; ட்ரைபாட் உதவும்; சுவரில் சாய்ந்து நிற்பது காசில்லாமல் உதவும்.

சுற்றியுள்ளவை தெளிவாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள் நகர்ந்திருக்கிறார். என் நடனப் படங்களுக்கு வந்தது இந்த நோய்தான். குலுக்கல் தடுப்பு எத்தனை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு, அல்லது பாதி) என்று விளம்பரப்படுத்தினாலும் இதற்கு ஒரு பைசா பிரயோசனம் இல்லை. அது உங்கள் கையைத்தான் பிடிக்கும், ஓடுகிற குழந்தையைப் பிடிக்காது. நடப்பவருக்கு 1/250, ஓடுகிற குழந்தைக்கு 1/500, பறக்கிற பறவைக்கு 1/1600க்கு மேல் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் அகலமான துவாரமுள்ள லென்ஸ் வழியாகவோ ஃப்ளாஷிலிருந்தோதான் வரும்.

முகம் மங்கலாகி, காதுக்குப் பின்னால் இருந்த செடி பளிச்சென்று இருக்கிறதா? ஃபோகஸ் தவறியிருக்கிறது. இதற்குப் புதுக் கேமரா தேவையா என்றால், பல நேரம் தேவையில்லை. ஃபோகஸ் புள்ளியை நீங்களே தேர்ந்தெடுக்கப் பழகினால் போதும். புதிய கேமராக்கள் கண்ணைத் தேடிப் பிடிக்கின்றன, அது வசதி என்பதை மறுக்கவில்லை.

பறவை கடுகளவு தெரிந்தால் லென்ஸின் நீளம் போதவில்லை. படம் முழுக்க மணல் தூவியது மாதிரிப் புள்ளிகள் இருந்தால் வெளிச்சம் போதவில்லை. சென்சாரை (கேமராவுக்குள் படத்தைப் பதியும் சில்லு) குறை சொல்வதற்குமுன் லென்ஸைப் பாருங்கள்.

இப்படி ஒரு மூன்று படத்துக்காவது காரணம் எழுதி வைத்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள். எழுத ஒன்றுமே இல்லையா? அப்போது உங்கள் ஃபோன் இப்போதைக்குப் போதும். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் இருக்கிற, அசையாத எதையும் இன்றைய ஃபோன் நன்றாகவே எடுக்கிறது. இரவில்கூடப் பல ஃப்ரேம்களை அடுக்கி ஒரே படமாக்கிவிடுகிறது. ஆள் அசைந்தால்தான் அந்த வித்தை பிசகும்.

2. சென்சார் அளவு: ஒரு முறை புரிந்துகொண்டால் போதும்

ஃபுல் ஃப்ரேம் என்றால் 36 × 24 மி.மீ. இந்த அளவு 1925-இல் லைகா கேமரா சந்தைக்கு வந்து பிரபலமாக்கிய ஃபிலிம் ஃப்ரேமின் அளவு. ஃபிலிம் போன பின்னும் அளவுகோல் மட்டும் தங்கிவிட்டது. ஏபிஎஸ்-சி எனப்படும் கிராப் சென்சார் சுமார் 23.5 × 15.6 மி.மீ., கேனனில் இன்னும் கொஞ்சம் சிறிது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 × 13 மி.மீ. கையடக்கக் கேமராக்களில் வரும் ஒரு இஞ்ச் சென்சார் என்பது பெயருக்குத்தான் ஒரு இஞ்ச், உண்மையில் 13.2 × 8.8 மி.மீ.

பரப்பளவைப் பெருக்கிப் பார்த்தால் ஃபுல் ஃப்ரேம் ஏபிஎஸ்-சியைவிட 2.3 மடங்குதான் பெரிது. வெளிச்சக் கணக்கில் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். ஒருவர் ஃபுல் ஃப்ரேமில் ஐஎஸ்ஓ 6400-இல் எடுப்பதை நீங்கள் கிராப் சென்சாரில் ஐஎஸ்ஓ 3200 அளவுக்குள் எடுத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அதே நேரம் எஃப் 5.6 கிட் லென்ஸை (கேமராவோடு சேர்ந்தே வருவது) கழற்றிவிட்டு எஃப் 1.8 மாட்டினால் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள், விடை உங்களுக்கே தெரியும்.

கிராப் சென்சாரில் எந்த லென்ஸ் மாட்டினாலும் காட்சி குறுகும். 1.5-ஆல் (கேனனில் 1.6-ஆல்) பெருக்கிக்கொள்ள வேண்டும். 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போலப் பார்க்கும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2-ஆல் பெருக்க வேண்டும். பறவை எடுப்பவருக்கு இது லாபம், சின்ன அறைக்குள் குடும்பத்தையே அடக்க நினைப்பவருக்கு நஷ்டம்.

என் கருத்து கேட்டால், முதல் கேமராவுக்கு ஏபிஎஸ்-சி. கையில் தூக்கிப்போகிற எடையும் கணக்கில் வரவேண்டும். சென்சார் பெரிதானால் லென்ஸும் பெரிதாகும். வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிற கேமராவில் யாரும் படம் எடுத்ததில்லை.

மெகாபிக்சலைப் பற்றி ஒரே பத்தி. 1975-இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் உருவாக்கிய முதல் டிஜிட்டல் கேமராவில் இருந்தது 0.01 மெகாபிக்சல், ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 வினாடி ஆனது. இன்றைய 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000 புள்ளிகள். இஞ்சுக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் 20 × 13 இஞ்ச் படம் வரும். 4கே டிவி முழுத் திரைக்கும் 8.3 மெகாபிக்சல் போதும். சுவரளவு அச்சடிப்பவரோ, எடுத்த படத்தைப் பாதிக்குமேல் வெட்டுபவரோ இல்லையென்றால் இந்த எண்ணைத் துரத்த வேண்டியதில்லை.

3. கண்ணாடி உள்ளதா, இல்லாததா?

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்குப் பின்னால், வெளிச்சத்தை வியூஃபைண்டருக்கு (கண் வைத்துப் பார்க்கும் துளை) திருப்பிவிட, 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி இருக்கும். ஷட்டரை அழுத்தும்போது அது மேலே எழும்பி விலகும். அந்த "டக்" சத்தம் அதுதான். மிரர்லெஸில் கண்ணாடி இல்லை, சென்சார் பார்ப்பதையே சின்னத் திரையில் நீங்களும் பார்க்கிறீர்கள். படம் வெளுத்துப்போகுமா, இருண்டுவிடுமா என்பது அழுத்தும்முன்பே தெரியும். கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய வரம்.

புதிதாக வாங்குவதானால் மிரர்லெஸ்தான். நிறுவனங்களின் புது லென்ஸ்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் வருகின்றன. பணம் குறைவு, கற்றுக்கொள்ளும் ஆசை அதிகம் என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் இன்றும் நல்ல பேரம். பேட்டரியும் அதில் அதிக நேரம் நிற்கும், திரைக்குச் செலவாகும் மின்சாரம் மிச்சம்.

ஒரு எச்சரிக்கை. லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் (இதுதான் மவுன்ட்) சென்சாருக்கும் இடையிலான தூரம் நிக்கான் எஃப் மவுன்ட்டில் 46.5 மி.மீ., மிரர்லெஸ் இசட் மவுன்ட்டில் 16 மி.மீ. அந்த இடைவெளியில் ஒரு அடாப்டரை வைத்துப் பழைய லென்ஸைப் புதுப் பாடியில் மாட்டிவிடலாம். புது லென்ஸைப் பழைய பாடியில் மாட்ட முடியாது. இன்னொன்று: ஏஎஃப்-டி என்று எழுதிய பழைய நிக்கான் லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. டி3500, டி5600 போன்ற தொடக்க நிலைப் பாடிகளில் அவை தானாக ஃபோகஸ் ஆகாது. விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டுக் கையால் திருகிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

4. பாடியைப் பார்க்கும்முன் மவுன்ட்டைப் பாருங்கள்

பாடி சில வருடத்தில் மாறும், லென்ஸ் உங்களோடு நெடுங்காலம் இருக்கும். எனவே எந்த மவுன்ட் என்பதுதான் உண்மையான முடிவு. சோனி இ மவுன்ட் 2010-இல் வந்தது, ஃபுஜிஃபிலிம் எக்ஸ் 2012-இல், கேனன் ஆர்எஃப், நிக்கான் இசட் இரண்டும் 2018-இல். அதே 2018-இல் லைகா, பானாசோனிக், சிக்மா மூன்றும் எல் மவுன்ட்டுக்காகக் கைகோத்தன. முன்னால் வந்த மவுன்ட்டுக்குச் செகண்ட் ஹேண்ட் லென்ஸ் அதிகம் புழங்கும், வேறு நிறுவனத்தாரின் லென்ஸும் அதிகம் கிடைக்கும்.

செய்ய வேண்டியது இதுதான்: முதல் படியில் எழுதிய மூன்று தவறவிட்ட படங்களுக்கும் எந்த லென்ஸ் தேவைப்பட்டிருக்கும் என்று எழுதுங்கள். அந்த லென்ஸ்கள் நீங்கள் நினைக்கிற மவுன்ட்டில் இருக்கின்றனவா, உங்கள் கைக்கு எட்டுமா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் பாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்த கதை வேண்டாம்.

பிறகு கையில் பிடித்துப் பாருங்கள், லென்ஸ் மாட்டிய நிலையில். சுண்டு விரலுக்குப் பிடிமானம் இருக்கிறதா? கண்ணை எடுக்காமல் ஷட்டர் வேகத்தையும் துவாரத்தையும் மாற்ற முடிகிறதா? மூக்கு திரையில் இடிக்கிறதா? கண்ணாடி அணிபவர் வியூஃபைண்டரின் நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். எந்த மதிப்பீட்டுக் காணொளியும் உங்கள் கைக்குப் பதில் சொல்லாது.

5. லென்ஸ்: இங்கேதான் பணமும் யோசனையும் போகவேண்டும்

ஃபுல் ஃப்ரேம் கணக்கில் சொல்கிறேன், கிராப் வைத்திருப்பவர்கள் வகுத்துக்கொள்ளுங்கள். 24 மி.மீ. மூலைக்கு மூலை 84 டிகிரி பார்க்கும். பெரும்பாலான ஃபோன்களின் முக்கிய லென்ஸும் இதையொட்டித்தான் இருக்கும். 35 மி.மீ. 63 டிகிரி, 50 மி.மீ. 47 டிகிரி, 85 மி.மீ. 28 டிகிரி, 200 மி.மீ. 12 டிகிரி, 400 மி.மீ. வெறும் 6 டிகிரி. 50-இலிருந்து 85-க்குப் போனால் பெரிய மாற்றம் தெரியும். 400-இலிருந்து 435-க்குப் போனால் கண்ணுக்கே தெரியாது.

கிட் லென்ஸை ஏளனம் செய்வது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 18–55 மி.மீ. எஃப் 3.5–5.6 லென்ஸ் எடை குறைவு, பகலில் நன்றாகவே எடுக்கும், உங்களுக்கு எது பிடிக்கும் என்று கற்றுத்தரும். அது தோற்பது சாயங்காலத்துக்குப் பிறகும் வீட்டுக்குள்ளும்தான். அப்போது வாங்க வேண்டியது ஜூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸ், எஃப் 1.8 அல்லது எஃப் 2.

எந்தப் பிரைம் என்று குழப்பமா? கிட் லென்ஸின் வளையத்தை 35-இல் நிறுத்தி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் அதிலேயே எடுங்கள். அடுத்த வாரம் 23-க்கு அருகில் வைத்து ஒட்டுங்கள். எந்த வாரம் டேப்பைப் பிய்க்கக் கை துடித்தது என்று பாருங்கள், துடிக்காத வாரத்தின் எண்ணை வாங்குங்கள். ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸான் வாழ்நாளில் பெரும்பகுதியை லைகாவில் மாட்டிய ஒரு 50 மி.மீ. லென்ஸோடு ஓட்டினார். கிராப் சென்சாரில் அந்தப் பார்வை வேண்டுமானால் 35 மி.மீ. வாங்க வேண்டும். பலர் "50 வாங்கு" என்ற பழைய அறிவுரையைக் கேட்டுக் கிராப் பாடிக்கு 50 வாங்கிவிட்டு, அறைக்குள் முதுகு சுவரில் முட்ட நிற்கிறார்கள்.

முகப் படம்தான் உயிர் என்றால் 85 மி.மீ. (கிராப்பில் 50 முதல் 56). ஒரு விஷயம் தெரிந்து வாங்குங்கள்: 85 மி.மீ. எஃப் 1.8-ஐ முழுவதும் திறந்து வைத்து ஒன்றரை மீட்டரில் இருக்கும் முகத்தை எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 3 செ.மீ.தான். ஆள் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். எஃப் 2.8-க்கு மூடினால் நிம்மதி. பின்னணி அப்போதும் கரைந்தேதான் இருக்கும்.

பறவைக்கு 400 மி.மீ.க்குக் கீழே போனால் ஏமாற்றம்தான். பூச்சி, பூ எடுப்பவருக்கு 1:1 என்று குறித்த மேக்ரோ லென்ஸ் வேண்டும். சென்சாரில் விழும் உருவம் நிஜ அளவே இருக்கும் என்று அர்த்தம். "மேக்ரோ" என்று ஜூம் லென்ஸின் மேல் எழுதியிருப்பதை நம்பவேண்டாம், எண்ணைப் பாருங்கள். காசு செலவழிக்கும்முன் எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கிச் சோதிக்கலாம். அது கண்ணாடியே இல்லாத வெறும் குழாய், லென்ஸைச் சென்சாரிலிருந்து தள்ளி வைத்துப் பக்கத்தில் ஃபோகஸ் ஆகவைக்கும். 18–300 மாதிரி எல்லாம்-ஒன்றில் லென்ஸ் பயணத்துக்கு வசதி. ஆனால் நீளக் கோடியில் துவாரம் சுருங்கிவிடும் என்பதால் என் நடனக் கதைதான் திரும்ப வரும்.

6. பணத்தைப் பிரிப்பது, செகண்ட் ஹேண்டில் வாங்குவது

கையில் உள்ள தொகையில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகக் கூடாது. இது நானே வைத்துக்கொண்ட வரம்பு. மீதியில் லென்ஸ், இரண்டாவது பேட்டரி, இரண்டு கார்டு, ஒரு பை. இதற்குள் புதுப் பாடி அடங்காவிட்டால் ஒரு தலைமுறை பழைய பாடியை எடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஒரு டார்ச் கொண்டுபோங்கள். லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, பின்பக்கமிருந்து வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சி முன்பக்கம் பாருங்கள். நேராகப் பார்த்தால் சுத்தமாகத் தெரிகிற கண்ணாடியில், சாய்வு வெளிச்சத்தில் சிலந்தி நூல் மாதிரி கிளைவிட்ட கோடுகள் தெரியலாம். அது பூஞ்சை. நான் ஒரு முறை கடையின் பளீர் விளக்கில் நேராகப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு பணம் கொடுத்து வந்தேன். இரண்டு மாதம் கழித்து ஜன்னலோரம் துடைக்கும்போதுதான் ஓரத்தில் அந்த நூல் கண்ணில் பட்டது. விற்றவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஒன்றிரண்டு தூசித் துணுக்குகளால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. பூஞ்சையும், பால் படிந்தது மாதிரியான மங்கலும் இருந்தால் வேண்டாம். துவார இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது, சட்டென்று மூடித் திறக்க வேண்டும். ஃபோகஸ் வளையம் மணல் அரைபடும் சத்தம் போடக் கூடாது.

துவாரத்தை முழுவதும் திறந்து, அச்சடித்த தாள் ஒட்டிய சுவரை நேராக எடுத்துப் பாருங்கள். நான்கு மூலையும் ஓரளவு ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் கரைந்திருந்தால் லென்ஸ் எங்கோ விழுந்திருக்கிறது.

பாடிக்கு: எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை ஃபோகஸ் இல்லாமல் எடுத்தால் சென்சார் தூசி கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அது துடைத்தால் போகும், பேரம் பேசலாம். கீறல் போகாது. மூடியை மாட்டிவிட்டு 30 வினாடி எக்ஸ்போஷர் கொடுங்கள், நிரந்தரமாக எரியும் புள்ளிகள் தெரிந்துவிடும். ஷட்டர் எண்ணிக்கை கேளுங்கள். தொடக்க நிலைப் பாடிகளின் ஷட்டரை ஒரு லட்சம் தடவை போல வேலை செய்யும்படி சோதித்திருப்பார்கள். 20,000 ஓடியது இளமை, 90,000 ஓடியதற்கு விலை குறைய வேண்டும். எல்லாப் பட்டனையும் அழுத்துங்கள். கார்டு போட்டு, எழுதி, திரும்பப் படித்துப் பாருங்கள். கொஞ்ச நாளில் திருப்பித் தரும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

7. துணைக்கருவிகள்: எது அவசியம், எது அலங்காரம்

ட்ரைபாடில் மலிவானது, எடை குறைவானது, உறுதியானது என்ற மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் கிடைக்கும். என் முதல் ட்ரைபாட் மலிவும் எடைக்குறைவும். காற்று வீசினால் தந்திக் கம்பி மாதிரி அதிரும். கடையில் மூன்று கால்களையும் முழுக்க இழுத்து, நடுத்தண்டை உயர்த்தாமல், மேலே கை வைத்து லேசாகத் திருகிப் பாருங்கள். முறுகினால் வேண்டாம். நடுத்தண்டை உயர்த்தினால்தான் கண் உயரம் வருகிறது என்றால் அதுவும் உங்களுக்குக் குட்டை. தலை, பால் ஹெட்டாக (உருண்டை மூட்டு உள்ளது) இருந்தால் வேலை வேகமாக நடக்கும். கேமராவின் அடியில் மாட்டும் தகடு ஆர்க்கா-ஸ்விஸ் என்ற வகையாக இருந்தால் பின்னால் வேறு தலைக்கு மாறும்போதும் பயன்படும்.

ஃப்ளாஷை வெறுப்பவர்கள் பலர் கேமராவின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் சின்ன ஃப்ளாஷை மட்டும் பார்த்தவர்கள். தலை திரும்புகிற ஒரு தனி ஃப்ளாஷை வாங்கி வெள்ளை உட்கூரையைப் பார்த்து அடியுங்கள். உட்கூரையே பெரிய ஜன்னலாகிவிடும். கைடு நம்பர் என்பது தூரத்தையும் எஃப் எண்ணையும் பெருக்கிய விடை: 36 என்றால் ஐஎஸ்ஓ 100, எஃப் 4-இல் 9 மீட்டர் வரை நேராக எட்டும். உட்கூரையில் பட்டுத் திரும்பும்போது அதில் நல்ல பங்கு கரைந்துவிடும், எனவே சற்று பலமானதையே வாங்குங்கள்.

ஃபில்டரில் போலரைசர் ஒன்றுதான் கணினியில் பின்னால் செய்ய முடியாத வேலையைச் செய்யும்: தண்ணீர், இலை, கண்ணாடி மேல் உள்ள பளபளப்பை விலக்கும். சூரியனுக்குச் செங்குத்தான திசையில் வானத்தின் நீலம் நன்றாக அடர்த்தியாகும். ஒன்றரை ஸ்டாப் போல வெளிச்சத்தைத் தின்னும். அருவியைப் பட்டாக்க ஆசையிருந்தால் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி): 10 ஸ்டாப் என்றால் ஆயிரம் மடங்கு இருட்டு, 1/60 சுமார் 17 வினாடியாகும். யூவி ஃபில்டர் டிஜிட்டல் சென்சாருக்குத் தேவையில்லை. முன் கண்ணாடியைக் காப்பதற்கு லென்ஸ் ஹூட் போதும், எதிர் வெளிச்சத்தையும் அது மறைக்கும்.

கார்டு: வி30 என்று எழுதியிருந்தால் வினாடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும், தொடக்கத்துக்கு அது தாராளம். ஒரே பெரிய கார்டைவிட நடுத்தரமாக இரண்டு நல்லது. போலிக் கார்டுகள் ஏராளம். வாங்கியதும் முழுக் கொள்ளளவுக்கும் நிரப்பித் திறந்து பாருங்கள். பேட்டரி இரண்டாவதாக ஒன்று கட்டாயம், விமானத்தில் போனால் உதிரிப் பேட்டரி கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

ரப்பர் ஊதுகுழல் ஒன்று, மைக்ரோஃபைபர் துணி ஒன்று. வாயால் ஊதாதீர்கள், எச்சில் படும். ஈரப்பதம் இதைவிடப் பெரிய எதிரி. காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. முள் 40-க்கும் 50-க்கும் இடையில் நின்றால் பூஞ்சை அண்டாது. தோல் பைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதுதான் லென்ஸுக்குச் செய்யும் துரோகம்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

முதல் நாள் தேதி, நேரத்தைச் சரியாக வையுங்கள். ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள், அல்லது ராவும் ஜேபெக்கும் சேர்த்து. வெளுத்த வானத்தையும் இருண்ட முகத்தையும் ராவில் ஓரளவு மீட்கலாம். 24 மெகாபிக்சல் ரா ஒன்று 25 முதல் 50 எம்பி வரை போகும். ஆயிரம் படத்துக்கு 25 முதல் 50 ஜிபி. ஆகவே ஹார்ட் டிஸ்க்கும் கேமரா செலவில் சேர்த்திதான். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பழைய, நல்ல கணக்கு. ராவைத் திருத்தக் காசு கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லை. டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம்.

முதல் மாதம் அப்பெர்ச்சர் மோடில் வையுங்கள். துவாரத்தை நீங்கள் முடிவு செய்யுங்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/250 என்று நிர்ணயித்துவிட்டால் வீட்டுக்குள் ஓடும் குழந்தைகளும் ஓரளவு அடங்குவார்கள். ஐஎஸ்ஓ ஏறுகிறதே என்று பயப்படாதீர்கள். புள்ளி விழுந்த தெளிவான படத்தை ரசிக்கலாம், புள்ளி இல்லாத மங்கல் படத்தை என்ன செய்ய?

அடுத்த பொருள் வாங்க ஆசை வரும், இரண்டாம் வாரமே வரும். ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: எந்தப் படம் போனது, எதனால் போனது. ஒரே காரணம் மூன்று முறை வந்தால் வாங்கலாம், அதற்குமுன் வேண்டாம். என் நோட்டில் இப்போது "மீன்கொத்தி தண்ணீரில் பாய்ந்தது, 250 மி.மீ. போதவில்லை" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறது. 400-க்கான பணம் தனியாக இருக்கிறது. மூன்றாவது முறைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறேன், அது இன்னும் வரவில்லை.